கடலை மிட்டாய் டின்னில் இருந்த காளைக்கு இன்னொரு கொம்பு எங்கே?

காங்கேயம் கடலைக்காரர்:

பலகாரத் தொழிலில் இருப்பவர்களும் பழைய டின், லேபிள் சேகரிப்பவர்களும் இங்கே நிறைய இருக்கிறீர்கள். உங்களைக் கேட்காமல் முடிவெடுக்க மனம் வரவில்லை.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா காலத்தில் வீட்டில் மரச்செக்கு ஓடியது. எண்ணெய்க்குப் போக ஒதுக்கிய நல்ல பருப்பை வறுத்து, கவுந்தப்பாடிப் பக்கத்து வெல்லத்தில் பாகு காய்ச்சி, அப்பத்தா கடலை மிட்டாய் போட்டார். அதுவே தொழிலாயிற்று. கம்பெனியின் பெயரை இங்கே சொல்லவில்லை. சொன்னால் விளம்பரத்துக்கு வந்ததாக ஆகிவிடும். என் கேள்வி எங்கள் சின்னத்தைப் பற்றியது.

எனக்குத் தெரிந்து மூன்று சின்னங்கள் இருந்திருக்கின்றன. முதலாவது டின்னில் இருந்தது. கண்ணாடி முகப்பு வைத்த சதுர டின்களை நிரப்பிக் கடைகளுக்குக் கொடுப்போம். காலியானதும் வாங்கி வந்து மறுபடி நிரப்புவோம். அவற்றின் பக்கவாட்டில் எங்கள் ஊர் ஓவியர் ஒருவர் எனாமல் பெயிண்டில் 'கடலை மிட்டாய்' என்று எழுதுவார். எழுத்துகளுக்குப் பின்னாலிருந்து ஒரு காங்கேயம் காளை எட்டிப் பார்க்கும், கட்டுத்தரையில் படலுக்கு மேலே தலை நீட்டுவது போல. கண்ணும் நெற்றியும் மட்டும் தெரியும்.

எண்பதுகளில் பாலித்தீன் பைக்கு மாறினோம். காளை ஒரு வட்டத்துக்குள் முழு உடம்போடு நின்றது. எழுத்து, அச்சகத்து எழுத்தாயிற்று. அதற்குப் பிறகு ஐந்து ரூபாய்ப் பை வந்தபோது அப்பா மூன்றாவது சின்னத்தைப் போட்டார். மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஓடும் பெரிய ஆங்கில எழுத்து, அதற்கு ஒரு நிழல், கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் கார்ட்டூன் காளை. தமிழ் பையின் பின்பக்கம் போய்விட்டது.

இப்போது கோவையில் படித்துவிட்டு வந்திருக்கும் என் மகன் நான்காவதைக் கொண்டுவந்திருக்கிறான். காளையே இல்லை. வளைந்த இரண்டு கோடுகள். அவைதான் கொம்பு என்கிறான். கீழே சின்ன ஆங்கில எழுத்தில் பெயர். பிரிங்கிள்ஸ் சிப்ஸ் டப்பாவில் இருக்கும் மீசைக்காரரின் தலைமுடியை எடுத்துவிட்டதையும், லேஸ் புதிய சூரியன் போட்டதையும் காட்டி, உலகமே இப்படித்தான் போகிறது என்கிறான். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி வரைகலை:

அண்ணா, நான் பதினைந்து ஆண்டுகளாகப் பெங்களூரில் உணவுப் பொட்டலங்களுக்கு வடிவமைப்புச் செய்கிறேன். உங்கள் மகன் காட்டிய உதாரணங்கள் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் பாதிதான்.

பிரிங்கிள்ஸ் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1968இல். அன்றிலிருந்தே அந்த உருண்டை முகமும் மீசையும் உண்டு. நடுவகிடு எடுத்த தலைமுடியும் இருந்தது. கன்னத்துக்கு நிறம் வந்தது, போனது. கண்கள் பெரிதாயின, சிறிதாயின. 2021இல் முடியை எடுத்தார்கள், கோடுகளைக் குறைத்தார்கள். ஆனால் மீசையையும் கழுத்தில் இருந்த பட்டாம்பூச்சி டையையும் தொடவில்லை. எதைத் தொட்டால் முகம் வேறொருவருடையதாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதையெல்லாம் விடக்கூடாது என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டு மிச்சத்தில் கை வைப்பதுதான் இந்த வேலை. மொபைல் திரையில் விரல்நகத்தளவு தெரிய வேண்டும் என்பதால் கோடுகளைக் குறைக்கிறார்கள். அதில் தவறில்லை.

லேஸ் கதை இன்னும் சுவையானது. மஞ்சள் வட்டமும் அதன் குறுக்கே சிவப்பு நாடாவும்தான் அதன் அடையாளம். அந்த நிறுவனம் பிரிட்டனில் 'வாக்கர்ஸ்' என்ற பெயரிலும், மெக்சிகோவில் 'சப்ரித்தாஸ்' என்ற பெயரிலும், எகிப்தில் 'சிப்ஸி' என்ற பெயரிலும் விற்கிறது. நாடாவில் பெயர் மாறும், வட்டமும் நாடாவும் மாறா. பெயரை வாசிக்கத் தெரியாத ஊரில் போய் நின்றாலும் நமக்கு அது தெரிந்துவிடும்.

மாற்றக் கூடாததை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2009இல் டிராப்பிகானா பழச்சாறு, ஆரஞ்சில் உறிஞ்சுகுழல் குத்திய படத்தை எடுத்துவிட்டு அழகான கண்ணாடி டம்ளரைப் போட்டது. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறத்தாழ 20 சதவீதம் விழுந்தது. பழைய பெட்டியையே திரும்பக் கொண்டுவந்தார்கள். சாறு அதே சாறுதான்.

அதனால் என் கேள்வி இது: உங்கள் சின்னத்தில் அந்த மீசை எது?

தாராபுரம் மளிகை:

வடிவமைப்பு எனக்குத் தெரியாது. கடை தெரியும். ஐந்து ரூபாய்ப் பொட்டலங்களைச் சரம் சரமாக மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பள்ளி விட்டதும் வரும் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "அந்தச் சிவப்பு", "அந்தப் பூனை" என்று கையை நீட்டுகிறார்கள். பெரியவர்களோ பலகாரத்தைத்தான் கேட்கிறார்கள், கம்பெனியைக் கேட்பதில்லை.

காங்கேயத்துக்காரரிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் யார் என்று யூகிக்க முடிகிறது. உங்கள் சரக்கு என் கடையிலும் தொங்குகிறது. அந்தச் சிரிக்கும் காளை உங்களுக்கு நல்லது செய்யவில்லை. அதே மஞ்சள் சிவப்பில், அதே போலச் சிரிக்கும் ஏதோ ஒரு மிருகத்தோடு நான்கு கம்பெனிப் பொட்டலங்கள் பக்கத்தில் தொங்குகின்றன. உங்களுடையது என்று நினைத்து வேறொன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நானே திரும்ப வாங்கியிருக்கிறேன். கடலையின் வறுவல் நாக்குக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

மேட்டுப்பாளையம் மண்டி:

லேஸ் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நீலகிரியிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கு எங்கள் ஊர் மண்டியில்தான் ஏலம் போகிறது. மூட்டை பிரித்து மண் உதிர்ந்த கிழங்கைத் தினமும் பார்ப்பவன் நான். 2025இல் லேஸ் தன் சின்னத்தை மாற்றியபோது அந்த நிறுவனம் சொன்ன காரணம் எனக்கு வலித்தது. தங்கள் சிப்ஸ் உண்மையான உருளைக்கிழங்கில் செய்யப்படுகிறது என்பதே வாங்குவோரில் 42 சதவீதம் பேருக்குத் தெரியவில்லையாம். அதனால்தான் வட்டம் சூரியன் என்று புரியும்படி கதிர்களை வரைந்து, பையில் கிழங்கைப் பெரிதாகக் காட்டினார்கள்.

வட்டம் முதலில் சூரியன்தான். வருடா வருடம் மெருகு ஏற்றி, நிழல் கொடுத்து, பந்தாக்கி, கடைசியில் அது என்னவென்றே யாருக்கும் தெரியாமல் போயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனம் ஒரு சுற்றுச் சுற்றி வெயிலுக்கும் மண்ணுக்கும் திரும்பி வந்திருக்கிறது. செக்கும் காளையும் கட்டுத்தரையும் உங்கள் வீட்டிலேயே இருந்தவை. அவற்றை இரண்டு கோடாக்கினால், பார்க்கிறவருக்குக் காளை தெரியுமா என்று மகனை ஒரு முறை கேளுங்கள்.

கோவை அச்சுக்காரன்:

பொட்டல அச்சில் இருபத்திரண்டு ஆண்டு. சின்னம் மாறிய கதையில் பாதி அச்சின் கதை. அதை யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டின்னில் கையால் எழுதியபோது எந்த வளைவும் முடியும். தூரிகை போகிற இடமெல்லாம் கோடு போகும். பிளாக்குக்கும் அச்செழுத்துக்கும் வந்தபோது அச்சகத்தின் எழுத்துப் பெட்டியில் என்ன இருந்ததோ அதுதான் உங்கள் எழுத்து. எண்பதுகளில் உங்கள் எழுத்து 'அச்சகத்து எழுத்து' ஆனதற்கு அதுதான் காரணம், யாருடைய ரசனைக் குறைவும் இல்லை.

அடுத்தது கிராவூர் என்ற உருளை அச்சு முறை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஓர் உருளை. செம்பு பூசிய உருளையில் நுண்ணிய குழிகளாகப் படத்தைச் செதுக்கி, மேலே குரோமியம் ஏற்றுவார்கள். ஆறு வண்ணம் என்றால் ஆறு உருளை. பிலிம் ஓடும் வேகத்தில் ஓர் உருளைக்கும் அடுத்ததுக்கும் இடையே மயிரிழை விலகல் வரத்தான் செய்யும். மஞ்சள் எழுத்தும் சிவப்புப் பின்னணியும் விலகினால் நடுவில் ஓர் இடைவெளி பல்லைக் காட்டும். அதை மறைக்கத்தான் எழுத்தைச் சுற்றித் தடித்த கறுப்பு அல்லது நீலக் கரை போடுவோம். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் வந்த பலகாரப் பொட்டலங்களில் எழுத்தெல்லாம் கரை கட்டிக்கொண்டு தடிதடியாக நிற்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. பளபளக்கும் அலுமினியம் பூச்சுப் பிலிமில் வேறொரு தொல்லை: அடியில் வெள்ளை அடிக்காமல் வண்ணம் போட்டால் மங்கிவிடும். மெல்லிய வெள்ளை எழுத்தை அடர்ந்த வண்ணத்துக்குள் விட்டால் மை பரவி எழுத்தின் வயிறு அடைத்துக்கொள்ளும். தமிழில் சுழிகள் அதிகம், அதனால் அடைப்பதும் அதிகம்.

ஆக, உங்கள் மகனின் இரண்டு கோடுகளை அச்சடிப்பது எனக்கு மிக எளிது. ஒரே வண்ணம், விலகல் பயமில்லை. இருந்தாலும் எனக்கு எளிது என்பதற்காக நீங்கள் அதை ஏற்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு முறை உருளை செதுக்கிவிட்டால் ஒவ்வொரு பை அளவுக்கும் தனிச் செலவு. முடிவெடுத்த பிறகு வாருங்கள். வந்த பிறகு முடிவெடுக்காதீர்கள்.

காங்கேயம் கடலைக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. தாராபுரத்து அண்ணன் சொன்னது உறைத்தது. அப்பா செய்ததைக் குறை சொல்ல மனம் வராமல்தான் இத்தனை நாள் அந்தச் சிரிக்கும் காளையை வைத்திருந்தேன்.

பொள்ளாச்சி அக்கா கேட்ட 'மீசை' எது என்று தெரியாததால் பெட்டியைக் குடைந்தேன். டின் ஒன்றுகூட வீட்டில் இல்லை. பிளாஸ்டிக் வந்ததும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டோம். கடை வாசலில் அப்பாரு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. அவர் கையை ஊன்றியிருப்பது அந்த டின் மேல்தான். படத்தை இணைத்திருக்கிறேன். கொஞ்சம் மங்கல்.

சென்னிமலைத் தமிழாசிரியர்:

நான் ஓய்வு பெற்றவன். உங்கள் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே பேசியவர்கள் எல்லோரும் காளையைப் பார்த்தீர்கள். எழுத்தைப் பாருங்கள்.

'கடலை' என்பதன் கடைசி எழுத்து இப்போது நாம் எழுதுகிற 'லை' அல்ல. பழைய லை. இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் வரை ணை, லை, ளை, னை ஆகிய நான்கையும் ஐகாரக் குறியைத் தனியாகப் போட்டு எழுதவில்லை. எழுத்தின் முன்புறத்திலிருந்தே ஒரு கோடு யானைத் தும்பிக்கை போல மேலே எழுந்து வளையும். ணா, றா, னா போன்றவையும் வேறு வடிவில் இருந்தன. மொத்தம் 13 எழுத்துகள் அந்த ஆண்டு மாறின.

இப்போது காளையைப் பாருங்கள். எழுத்து வரிசைக்கு மேலே கண்ணும் நெற்றியும். இடப்பக்கம் ஒரு கொம்பு வரைந்திருக்கிறார். வலப்பக்கக் கொம்பை அவர் வரையவே இல்லை. லை எழுத்தின் கோடு மேலே எழுந்து, காங்கேயம் காளைக்கே உரிய முறையில் வெளியே விரிந்து நுனியில் உள்ளே திரும்புகிறது. அதுதான் காளையின் வலக்கொம்பு.

இலக்கணத்தில் அந்தக் குறிக்கு என்ன பெயர் தெரியுமா? எகரக் குறி ஒற்றைக் கொம்பு. ஐகாரக் குறி இணைக் கொம்பு. அந்த ஓவியர் எழுத்தின் கொம்பையும் மாட்டின் கொம்பையும் ஒரே தூரிகை வீச்சில் எழுதியிருக்கிறார். எத்தனை ஆண்டு கரும்பலகையில் 'கொம்பு' என்று சொல்லிக்கொடுத்தேன்! இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை. கண் கலங்கிவிட்டது.

உங்கள் இரண்டாவது சின்னத்தில் காளை ஏன் வட்டத்துக்குள் போயிற்று என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். எண்பதுகளில் அச்சகத்தில் புதிய 'லை' வந்துவிட்டது. அதை வைத்துக் கோத்தால் காளைக்கு ஒற்றைக் கொம்புதான் மிஞ்சும். அதனால் காளையை எழுத்திலிருந்து பிரித்து, இரண்டு கொம்பும் வைத்துத் தனியாக வரைந்திருப்பார்கள்.

பொள்ளாச்சி வரைகலை:

ஐயா, வணங்குகிறேன். இதை மூன்று முறை படித்தேன், படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு.

அண்ணா, மீசை கிடைத்துவிட்டது. எழுத்தும் காளையும் சேரும் அந்த இடம்தான். உங்கள் மகன் கொம்பை மட்டும் எடுத்தது தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது, நல்ல கண். அந்தக் கொம்பு எழுத்திலிருந்து முளைத்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தால் அவரே வேறு மாதிரி வரைவார்.

ஈரோட்டுக்காரன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த எழுத்துச் சீர்திருத்தம் எங்கள் ஊரில் தொடங்கியது. பெரியார் ஈரோட்டிலிருந்து நடத்திய 'குடி அரசு' இதழில் 1935லேயே இந்தப் புதிய வடிவங்களை அச்சிட்டார். தமிழ் எளிதாகப் படிக்கவும் அச்சடிக்கவும் பழகவும் வேண்டும் என்பதற்காக நாற்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்து கிடைத்த மாற்றம் அது. என் தாத்தா முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றவர். விதிவிலக்குகள் குறைந்த நாளில் எவ்வளவு மகிழ்ந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். இப்போது ஒரு பலகாரப் பொட்டலத்துக்காகப் பிள்ளைகள் படிக்க முடியாத எழுத்தைத் திரும்பக் கொண்டுவருவதா? அழகு என்ற பெயரில் இப்படி ஒவ்வொருவரும் தொடங்கினால் என்ன ஆகும்? ஐந்து ரூபாய் கொடுத்து வாங்கும் குழந்தை அதைப் பார்த்து என்ன வாசிக்கும்?

சென்னிமலைத் தமிழாசிரியர்:

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. அந்தச் சீர்திருத்தத்தை வகுப்பறையில் வரவேற்றவர்களில் நானும் ஒருவன். பழைய எழுத்தைப் பாடநூலிலோ செய்தித்தாளிலோ திரும்பக் கொண்டுவா என்று யாராவது சொன்னால் உங்களோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன்.

சீர்திருத்தத்தின் தேவை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலம். விதிவிலக்கான ஒவ்வொரு வடிவத்துக்கும் பெட்டியில் தனி அறை, தட்டச்சில் தனி விசை. கற்கிறவருக்குத் தனி மனப்பாடம். அந்தச் சுமையைப் பெரியார் குறைத்தார். டின்னில் ஓவியர் வரைந்தது கோத்த எழுத்து இல்லையே. ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு முறை வரைந்த படம். சின்னத்தில் அது படமாகவே இருக்கட்டும். அதன் கீழே 'கடலை மிட்டாய்' என்று இன்றைய எழுத்தில் தெளிவாக எழுதலாம். குழந்தை கீழே உள்ளதை வாசிக்கும். மேலே உள்ளதைக் காளையாகப் பார்க்கும். ஒரு நாள், "அப்பா, இந்தக் கொம்பு எழுத்திலிருந்து வருகிறதே" என்று கேட்டால் அன்றைக்கு ஒரு பாடம் நடக்கும்.

ஈரோட்டுக்காரன்:

ஐயா, இன்றைய எழுத்து கண்ணில் படும் அளவுக்குப் பெரிதாக, பையின் முன்பக்கத்தில் இருந்தால் எனக்கு மறுப்பு இல்லை. பின்பக்கத்துக்குத் தள்ளினால் மறுபடி வந்து கேட்பேன். ஆங்கிலத்தை முன்னால் வைத்துத் தமிழைப் பின்னால் தள்ளிய மூன்றாவது சின்னத்தை விட இது மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பவானிக் கூடுதுறை:

வணிகச் சின்ன வழக்குகளில் பழக்கம் உள்ளவன் என்பதால் சட்டப் பக்கம் கொஞ்சம்.

ஈரோட்டு நண்பருக்கு முதலில். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி பொட்டலத்தில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். கூடவே வேறு எந்த மொழியிலும் போடலாம், தடை இல்லை. ஆகவே முன்பக்கத்தில் தமிழைப் பெரிதாகப் போட்டால் அதிகாரி பிடிப்பார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சைவ உணவைக் குறிக்கும் பச்சை வட்டம் முன்பக்கத்தில் பொருளின் பெயருக்கோ பிராண்டின் பெயருக்கோ அருகில் வர வேண்டும். சின்னம் வரையும்போதே அதற்கு இடம் விடுங்கள். கடைசியில் காளையின் கண் மேல் கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

காங்கேயத்துக்காரருக்கு. மூன்றாவது சின்னத்தை அப்பா பதிவு செய்திருந்தால் அதைக் காலாவதியாக விடாதீர்கள். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், ஒவ்வொரு 10 ஆண்டுக்கும் புதுப்பிக்கலாம். பதிவான சின்னத்தில் திருத்தம் கேட்க 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அடையாளத்தையே கணிசமாக மாற்றாத சிறு திருத்தம்தான் செல்லும். நீங்கள் பேசுவது முழு மாற்றம், அதனால் புதிய விண்ணப்பம் போடுங்கள். கடலை மிட்டாய் இனிப்புப் பண்டம் என்பதால் 30ஆம் வகுப்பு. சிறு நிறுவனத்துக்கு இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். ஏற்றுக்கொண்டபின் சின்னத்தை வணிகச் சின்ன இதழில் வெளியிடுவார்கள். மறுப்புச் சொல்ல மற்றவர்களுக்கு நான்கு மாதம் உண்டு.

இன்னொன்று முக்கியம். 'கடலை மிட்டாய்' என்ற சொல்லை யாரும் தனக்கென்று எழுதி வாங்க முடியாது, அது பொருளின் பெயர். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் கிடைத்த புவிசார் குறியீடுகூட அந்த ஊர்ப் பெயரோடு சேர்ந்துதான். உங்களுக்குச் சொந்தமாகக்கூடியது அந்தச் சொல்லை எழுதிய விதமும் காளையும் சேர்ந்த படம். பொதுச் சொல்லைப் பெயராக வைத்தவர்கள் பட்ட பாட்டுக்குப் பார்லே நல்ல சாட்சி. 1939இல் பிஸ்கட்டு போடத் தொடங்கியவர்கள் 'குளுக்கோ' என்று விற்றார்கள். ஊரெல்லாம் குளுக்கோஸ் பிஸ்கட்டு வந்துவிட்டது. அறுபதுகளில் எவரெஸ்ட் விளம்பர நிறுவனத்து ஓவியர் மகன்லால் தஹியா அந்தக் குழந்தையை வரைந்தார். எண்பதுகளில் பெயரையே 'பார்லே-ஜி' என்று மாற்றினார்கள். அந்தப் பிள்ளை யார் என்று எத்தனையோ கதைகள் உலவின, அது ஓவியம்தான். அன்றிலிருந்து அந்த முகத்தை அவர்கள் விடவே இல்லை.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பத்திரமாக வையுங்கள். முதலில் பயன்படுத்தியவர் யார் என்று கேள்வி வந்தால் அதுதான் பேசும். பழைய பில் புத்தகம் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

தாராபுரம் மளிகை:

ஆசிரியர் ஐயா எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுபத்தாறு வயது. "அந்தக் கொம்பு எழுத்து மிட்டாய்தானே, நோம்பிக்கு வாங்குவோமே" என்றார். கம்பெனிப் பெயர் அவருக்கு நினைவில்லை. கொம்பு எழுத்து நினைவிருக்கிறது.

காங்கேயம் கடலைக்காரர்:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அண்ணா. இந்த வரியை என் மகனிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனான். இரவு பதினொரு மணிக்கு வந்து இதைக் கொடுத்தான், இணைத்திருக்கிறேன்.

அவனுடைய இரண்டு கோடுகளும் அப்படியே இருக்கின்றன. இடக்கொம்பு தனிக்கோடு. வலக்கொம்பு பழைய லையிலிருந்து எழுகிறது. நடுவில் இரண்டு கண், நெற்றிச் சுழி. கழுத்தில்லை, உடம்பில்லை, சிரிப்பில்லை. கீழே இன்றைய எழுத்தில் 'கடலை மிட்டாய்', அதற்கும் கீழே ஆங்கிலம். மஞ்சளை விட்டுவிட்டு, வறுத்த கடலைத் தோலின் செந்நிறத்தில் ஒரே வண்ணம். தூக்கம் வராத அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியாமல் போனது இதுதான் போலிருக்கிறது: அவன் கொண்டுவந்த கொம்பு எந்த மாட்டின் தலையிலும் இல்லை.

கோவை அச்சுக்காரன்:

தம்பிக்கு என் பாராட்டு. இரண்டு திருத்தம் மட்டும். பழைய லையின் உள்சுழியை இன்னும் சற்றுத் திறந்துவிடச் சொல்லுங்கள். சின்னப் பையில் மை அடைக்கும். கொம்பின் நுனியை ஊசிபோல் விடாமல் கொஞ்சம் மழுங்கலாக முடிக்கட்டும், இல்லாவிட்டால் உருளையில் நுனி உடைந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். உருளைக்குப் போகும் முன் சாதாரணத் தாளில் அச்சடித்துத் தாராபுரத்து அண்ணன் கடையில் நிஜச் சரத்துக்கு நடுவே தொங்கவிட்டு, சாலையின் அந்தப் பக்கம் நின்று பாருங்கள்.

பொள்ளாச்சி வரைகலை:

கொம்பின் வளைவு மட்டும் இன்னும் கணினி வளைவாக இருக்கிறது. தூரிகை திரும்பும் இடத்தில் கோடு தடித்து, விடும் இடத்தில் மெலிய வேண்டும். மங்கிய புகைப்படத்தில் அந்தத் தடிப்பு தெரியவில்லை. அசல் டின் ஒன்று கிடைத்தால் அதன் மேல் தாளை வைத்துப் படியெடுத்துவிடலாம். யாரிடமாவது இருக்கிறதா?

வெள்ளகோவில் பேத்தி:

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அம்மாயி வீட்டில் கண்ணாடி உடைந்த சதுர டின் ஒன்று அடுக்களைப் பரண் மேல் இருக்கிறது. ஒரு பக்கம் துரு ஏறிவிட்டது. இன்னொரு பக்கம் எழுத்து நன்றாகத் தெரிகிறது. நேற்று மாலை ஏணி போட்டு ஏறி விரலால் தடவிப் பார்த்தேன். லை எழுத்தின் கொம்பில் பெயிண்ட் மற்ற இடத்தை விடக் கனமாக நிற்கிறது. இரண்டு முறை தீட்டியிருக்கிறார்.

அம்மாயி அதில் கொள்ளு போட்டு வைத்திருக்கிறார். கொடுக்கச் சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நானே காங்கேயத்துக்குக் கொண்டுவருகிறேன், அண்ணா. கொள்ளைக் கொட்டி வைக்க மூடி இறுக்கமான வேறொரு டின் வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

காங்கேயம் கடலைக்காரர்:

இரண்டாகவே எடுத்து வைக்கிறேன் அம்மணி. ஒன்றில் மிட்டாய் நிரப்பித் தருகிறேன். அம்மாயியையும் அழைத்து வாருங்கள்.